மேசைக்கணினியின் இரைச்சல்: தோற்றுவாயும் தணிப்பும்

மேசைக்கணினியின் இரைச்சலை நம்மிற் பலர் அதன் இயல்புகளுள் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டுவிட்டோம். இயந்திரம் என்றால் ஒலிக்கத்தானே செய்யும் என்பது பொதுவான எண்ணம். ஆயின், கணினியின் அடிப்படைத் தொழில் ஒலியெழுப்பும் தொழிலன்று. ஊசி அசையாமல் தையலியந்திரம் தைக்காது. உருளை சுழலாமல் அச்சியந்திரம் அச்சிடாது. கணினியின் செயலியிலோ அசையும் உறுப்பென எதுவுமில்லை; அங்கு மாறுவது மின்னோட்டம் மட்டுமே. அவ்வாறாயின் இந்த இரைச்சல் எங்கிருந்து வருகின்றது? தணிக்கக்கூடியதாயின் அது ஏன் தணிக்கப்படாதிருக்கின்றது? இவ்வினாக்களுக்கு விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கியம் பயில்பவன் ஒருவன் இப்பொருள் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எட்டுக் கணினிகள் வைக்கப்பட்ட ஒரு வாசிப்பறையில் பழைய பத்திரிகைகளின் படிமங்களைப் பல மாதங்கள் பார்வையிட நேர்ந்தபோதே இவ்வினாக்கள் என்னுள் எழுந்தன. மாலையில் இயந்திரங்கள் நிறுத்தப்படும் கணத்திலேதான், அதுவரை எத்துணை இரைச்சலின் நடுவே வாசித்துக்கொண்டிருந்தோம் என்பது உறைத்தது. அதே அறையில் காலைமுதல் தட்டச்சுச் செய்த ஊழியருக்கும் அந்த அமைதி நாளுக்கு ஒருமுறையே வாய்த்தது.

1. வெப்பமும் காற்றும்

கணினி பெறும் மின்சக்தி முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளியேறுகின்றது. 100 வாற்று மின்சாரத்தை உட்கொள்ளும் கணினிப்பெட்டி, அறையைப் பொறுத்தவரை 100 வாற்று அடுப்பேயாகும். இவ்வெப்பத்தின் பெரும்பகுதி பெருவிரல் நகத்தின் அளவேயான சில சிலிக்கன் துண்டுகளில் தோன்றுகின்றது. அதனை அங்கிருந்து அகற்றாவிடின் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெப்பம் மேலும் உயரின் நின்றுவிடும். எனவே, மெல்லிய துடுப்புகள் கொண்ட உலோகக் கட்டி ஒன்றினைச் செயலியின் மேல் அமர்த்தி, அத்துடுப்புகளினூடே விசிறியாற் காற்றைச் செலுத்துகின்றனர். மின்வழங்கியிலும், வரைகலை அட்டையிலும், பெட்டியின் பின்புறத்திலும் வேறு விசிறிகள் அமைகின்றன. ஆகவே, கணினியின் இரைச்சல் கணித்தலின் ஓசையன்று; கழிவு வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்றின் ஓசையே அதன் பெரும்பகுதியாகும்.

இதற்கு அடுத்த இடத்தைப் பெறுவது அதிர்வு. சுழலும் வன்தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்றுச் சுற்றுமாயின், அதன் சிறு சமநிலைக் குறையும் 120 ஹேர்ட்ஸ் மீடிறனுடைய முழக்கமாகும். வன்தட்டு தன்னளவிற் சிறிய ஒலியையே தரும். ஆனால் மெல்லிய தகட்டுப்பெட்டியில் இறுகத் திருகப்படும்போது, வீணையின் குடம் தந்தியின் ஒலியைப் பெருக்குவதுபோல, பெட்டி அதனைப் பெருக்கிவிடுகின்றது. மூன்றாவது வகை, மின்சுருள்களிலிருந்து எழும் கூரிய கீச்சொலி. மாறும் மின்னோட்டத்தினால் ஏற்படும் விசைகள் சுருளின் கம்பியையும் உள்ளகத்தையும் அதிரச்செய்வதால் அது விளைகின்றது. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாமல் மருந்து தேடுவதாற் பயனில்லை.

2. ஒலியின் கணக்கு

ஒலியை அளக்கும் டெசிபெல் மடக்கை அளவாகும். சமமான இரு ஒலிமூலங்கள் சேர்ந்தால் அளவு இருமடங்காவதில்லை. 3 டெசிபெல் மட்டுமே கூடுகின்றது. ஏறத்தாழ 10 டெசிபெல் கூடும்போதே செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்றும்.

இக்கணக்கிலிருந்து இரு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது, விசிறியின் வேகத்துக்கும் ஒலிக்குமுள்ள உறவு. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். ஒலியோ அதனினும் மிக விரைவாக உயரும்: வேகத்தைப் பாதியாகக் குறைப்பின் ஒலி ஏறக்குறைய 15 டெசிபெல் தணியும். பாதிக் காற்றை இழந்து, செவிக்குத் தோன்றும் ஒலியில் பாதிக்கும் மேற்பட்டதை நீக்கிவிடலாம். விட்டம் பெரிதான விசிறி குறைந்த வேகத்திலேயே அதே காற்றைத் தரும் என்பதால், 80 மில்லிமீற்றர் விசிறியின் இடத்தில் 120 மில்லிமீற்றர் விசிறியை மெதுவாகச் சுழலவிடுவது நன்று.

இரண்டாவது முடிவு பொது அறைகளைப் பற்றியது. ஒரே வகையான எட்டுக் கணினிகள் ஓர் அறையில் இயங்கின், தனியொன்றினும் 9 டெசிபெல் மிகுந்த ஒலி எழும்; செவிக்கு அது ஏறத்தாழ இருமடங்காகும். அவ்வெட்டினுள் ஒன்றினை முற்றாக மௌனமாக்கினால், கேட்போர் எல்லாவற்றுக்கும் சமதூரத்தில் இருப்பதாகக் கொள்ளின், குறைவது 0.6 டெசிபெல் மட்டுமே. அதனைச் செவி உணராது. மேலும், எட்டுப் பெட்டிகளின் வெப்பமும் அறையைச் சூடாக்க, ஒவ்வொரு பெட்டியின் விசிறியும் வேகத்தைக் கூட்டுகின்றது. தனியொருவர் தமது கணினியைத் திருத்தி அமைதி பெறலாம் என்பது வீட்டறைக்குப் பொருந்தும். பொது அறைக்குப் பொருந்தாது. அங்கு பிரச்சினையும் பொதுவானது, தீர்வும் பொதுவானதாகவே அமையமுடியும்.

நமது வெப்பநிலையையும் மனங்கொள்ள வேண்டும். 20 பாகை செல்சியஸ் அறையில் 70 பாகையில் நிற்கும் செயலி, அதே உழைப்பில், அதே விசிறி வேகத்தில், 30 பாகை அறையில் ஏறத்தாழ 80 பாகையை எட்டும். குளிர்நாட்டு அறையில் அமைதியாயிருந்த இயந்திரம் கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இரைவதற்கு இதுவே காரணம். திறந்த சன்னல்வழி வரும் தூசி துடுப்புகளிடையே படிந்து இதனை மேலும் கடுமையாக்குகின்றது.

3. இரைச்சலின் வரலாறு

மேசைக்கணினி பிறப்பிலேயே இரைச்சலுடையதாக இருக்கவில்லை. 1977இல் வெளிவந்த அப்பிள் 2 கணினியில் விசிறி இல்லை. 1984இன் முதல் மக்கின்ரோஷிலும் இல்லை. 1981இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியின் 63.5 வாற்று மின்வழங்கியில் விசிறி இருந்தபோதும், அதன் செயலிக்கெனத் தனி விசிறி தேவைப்படவில்லை. ஆயின் வெறும் விருப்பத்தால் விசிறியை நீக்கிவிடவும் முடியாது. 1980இல் விசிறியின்றி வந்த அப்பிள் 3 கணினியின் பெயரை மிகுவெப்பமும் பிற குறைகளும் சேர்ந்து கெடுத்தன.

1974இல் ஐ.பி.எம். நிறுவன ஆய்வாளர் றொபேட் டெனாட்டும் அவரது கூட்டாளிகளும் ஓர் உண்மையை விளக்கினர். திரான்சிற்றர்களைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்தால், ஒரே பரப்பில் தோன்றும் வெப்பம் கூடாது என்பதே அது. ஆயின் திரான்சிற்றர்கள் மிகச் சிறிதானபோது மின்கசிவு கூடி, மின்னழுத்தத்தை மேலும் குறைக்க இயலாதுபோயிற்று. 1993இல் ஏறத்தாழ 15 வாற்றுடன் வந்த இன்ரெல் நிறுவனத்தின் பென்ரியம் செயலி, 2004இல் பென்ரியம் 4 என்ற நிலையில் 100 வாற்றைத் தாண்டியது. அவ்வாண்டிலேயே 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 திட்டத்தை அந்நிறுவனம் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 மேசைக்கணினிச் செயலிகளிற் பெரும்பாலானவை 65 வாற்றுக்கு வகுக்கப்பட்டவை.

இதனை நோக்குவோர், தொழினுட்பம் வளர வளர இரைச்சல் தானே மறையும் எனக் கருதக்கூடும். அக்கருத்து தவறானது. 2022இல் வெளிவந்த கோர் ஐ9-13900கே செயலியின் உச்ச மின்சக்தி 253 வாற்று. சந்தையில் விற்கப்படுவது வேகத்தைக் குறிக்கும் எண். போட்டி நிகழ்வதும் அவ்வெண்ணின் மீதே. இரைச்சலைக் குறைக்கும் பெரிய துடுப்புக்கட்டும் நல்ல விசிறியும் உற்பத்திச் செலவைக் கூட்டுகின்றன. இரைச்சலோ உற்பத்தியாளரின் கணக்கேட்டில் செலவாக எழுதப்படுவதில்லை. அச்செலவைச் செலுத்துவது, அப்பெட்டியின் அருகே நாளெல்லாம் அமர்ந்திருப்பவரின் செவியே.

இந்நிலை மாற்றவியலாதது அன்று என்பதற்கும் சான்றுண்டு. 2002 ஓகஸ்ற்றில் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட பவர் மக் ஜீ4 கணினியின் ஒரு வகை, காற்றுச் சுரங்கம் எனக் கேலிசெய்யப்படுமளவுக்கு இரைந்தது. பாவனையாளர்கள் ஒன்றுதிரண்டு முறையிட்டனர். 2003இன் தொடக்கத்தில், 20 டொலருக்குச் சற்றுக் குறைந்த கட்டணத்துக்கு அமைதியான மின்வழங்கியை மாற்றித்தரும் திட்டத்தை அந்நிறுவனம் அறிவித்தது. இயந்திரத்தின் கணிக்கும் உறுப்புகள் எவையும் மாறவில்லை. அமைதி முதலிலேயே இயலுமாயிருந்தது. கேட்கப்பட்டபோதுதான் அது வழங்கப்பட்டது.

4. தணிக்கும் வழிகள்

முதற்பணி, எது இரைகின்றது என அறிதல். தடித்த தாளைக் குழலாகச் சுருட்டி ஒருமுனையைச் செவியில் வைத்து, மறுமுனையைப் பெட்டியின் வெவ்வேறு இடங்களுக்கு நேரே பிடித்தால் ஒலிமூலம் புலப்படும். மிகப் பெரிதாக ஒலிப்பதையே முதலிற் கவனிக்க வேண்டும். அதனை விட்டு ஏனையவற்றைத் திருத்துவது வீண் என்பதை மேற்கண்ட கணக்கே காட்டும்.

அடுத்தது தூசி நீக்கல். மின்தொடர்பை முற்றாகத் துண்டித்தபின், மென்மையான தூரிகையாலும் காற்றூதியாலும் துடுப்புகளைத் துப்புரவாக்கலாம். ஊதும்போது விசிறியின் இதழ் சுழலாதவாறு விரலாற் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்வழங்கியின் உட்பெட்டியை மட்டும் ஒருபோதும் திறத்தலாகாது; மின்னைத் துண்டித்தபின்னரும் அதன் கொள்ளளவிகளில் உயிராபத்தான மின்னேற்றம் எஞ்சியிருக்கலாம். பல ஆண்டுகள் பழகிய இயந்திரமாயின் செயலிக்கும் உலோகக் கட்டிக்கும் இடையிலுள்ள வெப்பப்பசை உலர்ந்திருக்கும். அதனைத் துடைத்துப் புதிதாக மெல்லிய படலம் இடுவது சிறு செலவில் பெரும் பயன் தரும்.

மூன்றாவது, வெப்பத்தை அதன் ஊற்றிலேயே குறைத்தல். செயலியின் மின்செலவு அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் அமைகின்றது. உச்ச வேகத்தை எட்ட மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருப்பதால், கடைசிச் சிறு வேகத்துக்கே பெருவெப்பம் விலையாகின்றது. கணினியின் மின்சக்தி அமைப்பில் உச்ச வேகத்தைச் சற்றுக் குறைத்துவிட்டால், கட்டுரை எழுதுபவருக்கு வேறுபாடு தெரியாது, விசிறிக்குத் தெரியும். வெப்பநிலைக்கேற்ப விசிறியின் வேகத்தை வகுக்கும் வசதியும் பெரும்பாலான தாய்ப்பலகைகளில் உண்டு. வேகம் அடிக்கடி ஏறி இறங்குவது தொடர்ந்த மெல்லொலியினும் மிகுந்த தொல்லை தருமாதலால், ஏற்றத்தை மெதுவாக்கி அமைத்தல் வேண்டும்.

நான்காவது, அதிர்வைத் துண்டித்தல். வன்தட்டுக்கும் பெட்டிக்கும் இடையில் இறப்பர் வளையங்கள் இடலாம். இயலுமாயின் அசையும் உறுப்பற்ற திண்மநிலைத் தட்டைப் பொருத்தலாம். அப்போது வன்தட்டின் ஒலி முற்றாக இல்லாதொழியும். பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து விலக்கி, மேசைக்குக் கீழே, காற்று வந்துபோகும் இடத்தில் வைப்பதும் உதவும். பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றிவிடுவது பலர் கையாளும் வழக்கம். அது உள்ளொலியை நேரே செவிக்கு விடுவதுடன், வகுக்கப்பட்ட காற்றோட்டத்தையும் கலைத்துவிடுவதால் எப்போதும் நன்மை தராது. பெட்டியின் உள்ளே பஞ்சுத் தகடுகளை ஒட்டுவதும் இறுதியிற் செய்யத்தக்கதே; காற்றுவழியை அவை அடைத்துவிட்டால் விசிறி மேலும் விரையும்.

5. முடிவுரை

இவை யாவும் தனியொருவர் கைக்கெட்டும் வழிகள். பொது அறைக்கோ இவை போதா. கணினிகள் வெளிவிடும் ஒலியை அளக்கவும் அறிவிக்கவும் ஐ.எஸ்.ஓ. 7779, ஐ.எஸ்.ஓ. 9296 ஆகிய சர்வதேச நியமங்கள் உள்ளன. அவற்றின்படி அறிவிக்கப்பட்ட ஒலி அளவுகளைப் பெருநிறுவனங்கள் பல தமது தொழினுட்ப விபரப் பத்திரங்களில் தருகின்றன. ஆனால் வாங்குவோர் அவற்றைக் கேட்பது அரிது. பல்கலைக்கழகத் துறைகளும் நூலகங்களும் கணினிகளைத் தொகையாக வாங்குபவை. அவற்றின் கேள்விப்பத்திர நிபந்தனைகளில் செயலியின் வேகமும் நினைவகத்தின் அளவும் தவறாது இடம்பெறுகின்றன. அறிவிக்கப்பட்ட ஒலி அளவு என்னும் ஒரு வரியையும் அங்கு சேர்த்து, குறைந்த மின்சக்திச் செயலிகளைத் தெரிவுசெய்தால், எட்டு இயந்திரங்களும் ஒருங்கே அமைதியுறும். வாசிப்பவரும் தட்டச்சுச் செய்பவரும் அதன் பயனைச் சமமாகப் பெறுவர். அந்த ஒரு வரியை வேண்டுவது, அவ்வறைகளில் உழைக்கும் நம் அனைவரதும் பொறுப்பாகும்.