ஐரோப்பா வரை போகணுமா? கிளேட்டனிலிருந்து காரில் மூன்று சின்ன ஊர்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினாலே நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஐரோப்பியப் படங்கள் வரிசையாக வந்துவிடும். அதில் ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் கட்டாயம் இருக்கும். ஏரிக்கரையில் மரவீடுகள், பின்னால் மலை. அழகுதான். ஆனால் 800 பேர்கூட இல்லாத அந்த ஊர், வந்து குவியும் கூட்டத்தைத் தாங்க முடியாமல் திணறுகிறது. 2023-இல் எல்லாரும் செல்ஃபி எடுக்கும் இடத்தை மரவேலி வைத்து மறைத்தே பார்த்தார்கள்; எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள்.

நாலு பேருக்கு விமான டிக்கெட் போட்டு அந்தக் கூட்டத்தில் நிற்பதற்கு முன்னால், நம்ம விக்டோரியாவுக்குள்ளேயே ஐரோப்பியர்கள் கட்டிவிட்டுப் போன சின்ன ஊர்களை ஒருமுறை பாருங்கள். 1851-இல் இங்கே தங்கம் கிடைத்த செய்தி பரவியதும் ஆங்கிலேயர், ஐரிஷ்காரர், ஜெர்மானியர், இத்தாலியர், சீனர் என்று உலகமே கப்பல் ஏறி வந்தது. தங்கம் தீர்ந்ததும் பலர் கிளம்பிவிட்டார்கள். பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் பணமும் இல்லை, தேவையும் இல்லை. அதனால்தான் அந்தத் தெருக்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன.

ஹெப்பர்ன் ஸ்பிரிங்ஸ்: சுவிஸ் கிராமத்தின் மிச்சம்

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். டேல்ஸ்ஃபோர்டைத் தாண்டினால் அடுத்த ஊர். டேல்ஸ்ஃபோர்டு என்ற பெயரிலேயே நமக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. அது இங்கிலாந்திலுள்ள டேல்ஸ்ஃபோர்டின் பெயர். நம் பாடப்புத்தகத்தில் வந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், இந்தியாவில் சம்பாதித்துவிட்டுப் போய், முன்னோர்கள் இழந்த சொத்தைத் திரும்ப வாங்கினது அந்த ஊரில்தான்.

ஹெப்பர்னின் கதை வேறு. 1850-களில் சுவிட்சர்லாந்தின் இத்தாலிய மொழிப் பகுதியான டிசினோவில் பஞ்சம். ஆஸ்திரியா எல்லையை மூடியதால் பிழைப்பும் போனது. ஏறத்தாழ 2,000 ஆண்கள் கடன் வாங்கியும் நிலத்தை ஈடு வைத்தும் ஏஜென்டுகளிடம் பணம் கட்டி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். காணியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டிய கதை தெரிந்த நம்மவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

வந்தவர்களில் ஒரு பகுதியினர் இங்கே தங்கி, திராட்சைத் தோட்டம் போட்டார்கள், கல்வீடு கட்டினார்கள். 1859 காலத்து 'மக்கரோனி ஃபாக்டரி' கட்டடம் இன்னும் சாலையோரத்தில் நிற்கிறது. மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் பூண்டும் ஒயினும் சேர்த்து அவர்கள் செய்த 'புல்போர்' சாசேஜ் இந்த வட்டாரத்துக்கே உரியது. தங்கம் தோண்டுகிறேன் என்று ஊற்றுகளைக் கெடுத்துவிடுவார்களோ என்று பயந்து ஊர்க்காரர்கள் அரசாங்கத்துக்கு மனுப் போட்டார்கள். 1865-இல் ஊற்றுப் பகுதி ஒதுக்கி வைக்கப்பட்டது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பிருந்தே இந்த ஊற்றுகளை அறிந்தவர்கள் ஜா ஜா வுர்ரங் மக்கள். தங்கம் தேடி வந்த கூட்டம் கால் வைத்தது அவர்கள் மண்ணில்தான்.

இன்றும் அந்தப் பூங்காவில் கை பம்பு அடித்து இலவசமாகத் தண்ணீர் பிடிக்கலாம். விசிட்டர் விசாவில் வந்திருந்த என் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா இது, துருப்பிடிச்ச வாளியில சோடா ஊத்தின மாதிரி இருக்கு!" என்றார். "உடம்புக்கு நல்லதும்மா, குடிங்க" என்றேன். இரண்டாவது பம்பு கொஞ்சம் பரவாயில்லை என்று சான்றிதழ் கொடுத்தார்.

ஒரு ஊற்றுக்கு லொகார்னோ என்று பெயர், ஒரு விடுதிக்கு பெல்லின்சோனா. இரண்டுமே டிசினோவின் ஊர்கள். என் மகள் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, "அப்பா, இவங்க எல்லாம் இன்னும் இத்தாலியன் பேசுறாங்களா?" என்று கேட்டாள்.

இல்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். பலர் ஐரிஷ் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள். வீட்டில் ஆங்கிலம் வந்தது, பள்ளிக்கூடத்திலும் ஆங்கிலம். பேரப்பிள்ளைகள் காலத்தில் சாசேஜ் மிஞ்சியது, வீட்டுப் பெயர் மிஞ்சியது, பேச்சு போய்விட்டது. பின்னாளில் வாரிசுகள் சேர்ந்து சுவிஸ்-இத்தாலியத் திருவிழா எடுக்கத் தொடங்கினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் திருவிழாவை மறுபடி தொடங்கலாம், வீட்டுப் பேச்சை மறுபடி தொடங்குவது கஷ்டம். கிளேட்டன் ரோட்டில் இட்லி மாவும் கறிவேப்பிலையும் கிடைக்கிறது என்ற தைரியத்தில் இருக்கிற எனக்கு அவள் கேள்வி கொஞ்சம் உறைத்தது. திரும்பி வரும் வழி முழுக்க அப்பத்தா ஊர்க்கதை சொல்ல, பேத்தி தமிழில்தான் கேள்வி கேட்க வேண்டும் என்று ஏற்பாடு.

மால்டன்: நின்றுபோன கடிகாரம்

1966-இல் நேஷனல் டிரஸ்ட், ஆஸ்திரேலியாவின் முதல் 'குறிப்பிடத்தக்க ஊர்' என்று அறிவித்தது மால்டனைத்தான். நடைபாதைக்கு மேல் தாழ்வாரம் இறங்கிய பழைய கடைகள், வளைந்த கடைத்தெரு. ஒரு மணி நேரத்தில் ஊரையே நடந்து முடிக்கலாம். இங்கிருந்து காசில்மெயினுக்கு நீராவி ரயில் ஓடுகிறது. சின்னப் பிள்ளைகள் இருந்தால் அதை விடாதீர்கள்.

வால்ஹல்லா: இருபது பேர் ஊர்

கிளேட்டன்காரர்களுக்கு வழி சுலபம்: எம்1-இல் கிழக்கே மோ வரை போய், பிறகு மலைப்பாதை. ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த பள்ளத்தாக்கில் இப்போது சுமார் இருபது பேர். 1910-இல் ரயில் வந்தது. நாலே வருடத்தில் பெரிய சுரங்கம் மூடியது. ஊருக்குப் பொது மின்சாரம் வந்தது 1998-இல்! தட்டையான இடமே இல்லாததால் குன்றின் உச்சியை வெட்டிச் சமப்படுத்தி கிரிக்கெட் மைதானம் அமைத்தார்கள். மேலே ஏறிப் போய்ப் பார்த்தால், மொட்டைமாடியில் ஆடி வளர்ந்த நமக்கு அவர்கள் மேல் மரியாதை வரும்.

கிளம்பும் முன்

ஹெப்பர்னுக்கும் வால்ஹல்லாவுக்கும் கிளேட்டனிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம், மால்டனுக்கு இன்னும் கொஞ்சம் கூட. கார் இல்லாதவர்கள் வி/லைன் ரயிலில் வுட்எண்ட் போய், அங்கிருந்து பஸ்ஸில் டேல்ஸ்ஃபோர்டு போகலாம். நீராவி ரயிலும் வால்ஹல்லாவின் சின்ன ரயிலும் தினமும் ஓடாது. நாளைப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். வால்ஹல்லா வளைவுகளில் தலைசுற்றும் பிள்ளைகளுக்கு வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். சின்ன ஊர்களில் சைவச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம், புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள். ஹெப்பர்னுக்குக் காலி பாட்டில்கள் அவசியம். வீட்டுக்கு வந்து மூடியை மெதுவாகத் திறங்கள், பொங்கும்.