பனியை வீசும் டிராக்டர்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த் நகரை ஒட்டி அமைந்துள்ளது மாக் மண்டின். தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் அருகருகே அமைந்த இடம் அது. அங்கிருந்து வடக்கே சென்றால் செபராங் பிறையின் நெல்வயல்கள் கண்ணில் படும். உழவுக் காலத்தில் டிராக்டர்கள் பின்புறம் பூட்டிய சுழல் கலப்பையால் சேற்றைக் கலக்கிச் செல்லும். அறுவடைக் காலத்தில் பெரிய இயந்திரங்கள் கதிரை அறுத்து, நெல்மணியைப் பிரித்து, வைக்கோலை வெளியே தள்ளும். இக்காட்சிகளைப் பார்த்து வளரும் மாணவர்களுக்கு டிராக்டர் என்றால் வயலும் சேறும்தான் நினைவுக்கு வரும்.

ஆனால், அதே டிராக்டர் உலகின் குளிர் நாடுகளில் முற்றிலும் வேறான ஒரு வேலையைச் செய்கிறது. அங்கு அது பனியை அள்ளி வீசுகிறது.

இலங்கையில் 1983-ஆம் ஆண்டு நிகழ்ந்த கலவரத்திற்குப் பின்னர்த் தமிழர்கள் பலர் கனடாவுக்குக் குடிபெயர்ந்தனர். டொராண்டோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இன்று தமிழர்கள் பெருமளவில் வாழ்கின்றனர். தை பிறக்கும் ஜனவரி மாதம் அங்குக் கடுங்குளிர்காலம். பொங்கல் நாளில் வாசலில் கோலமிட வேண்டுமானால், முதலில் பனிக்குள் புதைந்திருக்கும் வாசலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பனியை அகற்றாவிட்டால் காரை வெளியே எடுக்க இயலாது. அவசரச் சிகிச்சை வண்டியும் வீட்டை அடைய முடியாது. ஆகவே, பனியகற்றுதல் அந்நாட்டு மக்களின் அன்றாடக் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

பனி பஞ்சு போல் தோன்றும். அதனை அகற்றுவது எளிதுதானே என்று பலர் எண்ணக்கூடும். ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு வீட்டின் முன்வழி 20 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்டது எனக் கொள்வோம். அதன்மீது 20 சென்டிமீட்டர் உயரத்திற்குப் பனி விழுந்தால், அதன் கொள்ளளவு 20 கன மீட்டர் ஆகும். புதிதாக விழுந்த மென்பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகிராம் எடையுள்ளதாக இருந்தால், மொத்த எடை 2 டன். அதே பனி ஈரமாகி இறுகிவிட்டால் எடை மூன்று மடங்காகவும் உயரலாம். ஆறு டன் எடையை மண்வாரியால் அள்ளி எறிவது எவருக்கும் எளிதன்று. கடுங்குளிரில் இவ்வாறு உழைக்கும்போது மாரடைப்பு ஏற்பட்டு உயிரிழப்போரும் உண்டு. இந்தச் சுமையைக் குறைக்கவே இயந்திரம் தேவைப்பட்டது.

சுழலும் சக்கரத்தால் பனியை அகற்றும் எண்ணம் முதலில் ரயில் பாதைகளுக்காகவே தோன்றியது. டொராண்டோவைச் சேர்ந்த பல் மருத்துவர் ஜே. டபிள்யூ. எலியட் 1869-இல் அத்தகைய கருவி ஒன்றை வடிவமைத்தார். சாலைக்கு ஏற்ற இயந்திரத்தை உருவாக்கியவர் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் சிகார். அவர் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். பனி மூடிய சாலைகளால் பாலை நகருக்குக் கொண்டு செல்ல இயலாமற்போகும் துன்பத்தை அவர் நன்கு அறிந்திருந்தார். இளமையில் வயலில் கதிரடிக்கும் இயந்திரம் ஒன்று இயங்குவதைக் கண்டபோது, இதே முறையில் பனியையும் உள்ளிழுத்து வெளியே வீசலாமே என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. பல ஆண்டுகள் முயன்று 1925-இல் அவர் தமது இயந்திரத்தை உருவாக்கினார். அது பனியை ஏறக்குறைய 27 மீட்டர் தூரத்திற்கு வீசியது. 1927-இல் மொன்றியல் அருகிலுள்ள ஊத்ரமோன் நகரம் அதனை விலைக்கு வாங்கியது. நெல்வயலில் வைக்கோலைத் தள்ளும் இயந்திரமும் சாலையில் பனியை வீசும் இயந்திரமும் ஒரு வகையில் உறவினர்களே எனலாம்.

இந்தியாவிலும் இவ்வியந்திரத்திற்கு வேலை உண்டு. காஷ்மீரிலிருந்து லடாக்கிற்குச் செல்லும் சாலை, 3,500 மீட்டருக்கும் அதிகமான உயரத்திலுள்ள சோஜிலா கணவாயைக் கடந்து செல்கிறது. குளிர்காலத்தில் அக்கணவாயைப் பனி மூடிவிடும். 1960-இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு, பெரிய இயந்திரங்களைக் கொண்டு பனியை வெட்டி அகற்றி அச்சாலையை மீண்டும் திறக்கிறது. அங்கு மலைச்சாலையைத் திறக்கும் பேரியந்திரத்தைச் சிறிய அளவில் செய்து, ஒரு சிறு டிராக்டரின் முன்புறம் பூட்டினால் எப்படி இருக்கும்? வீடுகள், பள்ளிகள், கடை வளாகங்கள், பண்ணைகள் ஆகிய இடங்களில் பயன்படுவது அத்தகைய இயந்திரம்தான்.

இவ்வியந்திரத்தின் அமைப்பைப் புரிந்துகொள்வது கடினமன்று. முன்புறம் திறந்த ஒரு பெரிய எஃகுப் பெட்டி இருக்கும். அதனுள் படுக்கைவாட்டில் ஒரு திருகு சுழலும். தேங்காய்த் துருவி போன்ற கூரிய விளிம்புகளைக் கொண்ட அத்திருகு, இருபுறமும் உள்ள பனியை வெட்டி நடுப்பகுதிக்குக் கொண்டு வரும். அங்கே திருகுக்குப் பின்னால் ஒரு விசிறிச் சக்கரம் வேகமாகச் சுழன்று கொண்டிருக்கும். அது பனியை வாங்கி, மேல்நோக்கி நிற்கும் குழாய் வழியாக வீசி எறியும். அள்ளுவது ஒரு கட்டம். வீசுவது மறு கட்டம். ஆதலால் இதனை ஈரடுக்குப் பனிவீசி என்பர். குழாயின் வாய்ப்பகுதியைத் திருப்பினால், பனி விழும் திசையை ஓட்டுநரே தீர்மானிக்கலாம்.

இவற்றைச் சுழற்றும் ஆற்றல் டிராக்டரின் என்ஜினிலிருந்தே கிடைக்கிறது. என்ஜினின் சுழற்சியை இணைப்புக் கருவிக்குக் கொண்டு செல்லும் தண்டைப் பி.டி.ஓ. என்று உழவர்கள் அழைப்பர். வயலில் சுழல் கலப்பையை இயக்குவதும் அதுவே. பின்புறத் தண்டு பொதுவாக நிமிடத்திற்கு 540 முறை சுழலும். சிறு டிராக்டர்கள் பலவற்றில் வயிற்றுப் பகுதியில் மற்றொரு தண்டும் உண்டு. அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 2,000 முறை சுழலக்கூடியது. முன்புறப் பனிவீசி பெரும்பாலும் இந்த நடுத்தண்டிலிருந்தே ஆற்றலைப் பெறுகிறது.

பனிவீசியைப் பின்புறமும் பூட்டலாம். அவ்வாறு பூட்டினால் ஓட்டுநர் கழுத்தைத் திருப்பியவாறு பின்னோக்கியே ஓட்ட வேண்டும். முன்புறம் பூட்டினால் கண்ணெதிரே வேலை நடக்கும். பனிக்குள் மறைந்திருக்கும் கல், மிதியடி, குழந்தையின் விளையாட்டுப் பொருள் ஆகியவற்றை முன்கூட்டியே காண வாய்ப்புண்டு. சக்கரங்கள் பனியை மிதித்து இறுக்கும் முன்னரே அது அகற்றப்பட்டும் விடும். எனினும், இதில் ஒரு குறையும் உண்டு. முன்பக்கச் சுமையால் பின்சக்கரங்களின் பிடிப்புக் குறையும். அதனைச் சரிசெய்யப் பின்புறத்தில் எடைக்கட்டிகளை ஏற்றுவர். சக்கரங்களுக்குச் சங்கிலி பூட்டுவர்.

அனுபவமிக்க ஓட்டுநர் பனி விழுவதற்கு முன்னரே தம் வேலையைத் தொடங்கிவிடுவார். வழியின் ஓரங்களில் குச்சிகளை நட்டு எல்லையைக் குறித்துக்கொள்வார். தரையில் கிடக்கும் கல், கம்பி, கயிறு முதலியவற்றை அப்புறப்படுத்துவார். சரளைக்கல் வழியாக இருந்தால், பெட்டியின் அடியிலுள்ள சறுக்குத் தகடுகளைச் சரிசெய்து பெட்டியைச் சற்று உயர்த்தி வைப்பார். இல்லாவிடில் திருகு கற்களையும் சேர்த்து அள்ளும். விசிறிச் சக்கரம் அவற்றைத் துப்பாக்கிக் குண்டுபோல் வீசும். மேலும், அவர் மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டு நிற்கமாட்டார். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் இல்லாமலே உயிரைப் பறிக்கக்கூடிய வாயு.

வேலை தொடங்கியதும் கவனிக்க வேண்டியது வேகம். என்ஜின் முழு வேகத்தில் சுழல வேண்டும். டிராக்டரோ மெதுவாக நகர வேண்டும். பனி கனமாக இருந்தால் என்ஜினின் வேகத்தைக் குறைக்கக் கூடாது. நகரும் வேகத்தை மட்டுமே குறைக்க வேண்டும். சக்கரம் மெதுவாகச் சுழன்றால் பனி குழாய்க்குள் தேங்கி இறுகிவிடும். முடிந்தவரை காற்று வீசும் திசையிலேயே பனியை வீசுவது நல்லது. எதிர்த்திசையில் வீசினால் அது ஓட்டுநரின் முகத்திலேயே வந்து விழும். சாலையின் மீதோ, அண்டை வீட்டு வாசலிலோ, மனிதர்கள் நிற்கும் பக்கமோ வீசவே கூடாது.

எவ்வளவு கவனமாக இயக்கினாலும் சில வேளைகளில் ஈரப்பனி குழாயை அடைத்துக்கொள்ளும். இயந்திரம் உறுமும்; ஆனால் பனி வெளியே வராது. விபத்துகள் பெரும்பாலும் இவ்வேளையில்தான் நிகழ்கின்றன. குளிர் உடலை வாட்டுகிறது. வேலைக்குச் செல்ல நேரமாகிறது. அடைப்போ கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. ஒரு நொடியில் கையை விட்டு எடுத்துவிடலாம் என்று மனம் சொல்லும். விரல்களை இழந்தவர்கள் பலரும் அந்த ஒரு நொடியை நம்பியவர்களே. நிமிடத்திற்கு 540 முறை சுழலும் தண்டு ஒரு நொடியில் ஒன்பது முறை சுழலும். ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி தேவைப்படும். அதற்குள் அத்தண்டு இரண்டு முறைக்கு மேல் சுழன்றுவிடும். கண்ணின் வேகமும் கையின் வேகமும் இயந்திரத்தின் வேகத்திற்கு ஈடாகமாட்டா.

எனவே, அடைப்பு நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றை ஓட்டுநர்கள் மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும். முதலில் தண்டின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பெட்டியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, நிறுத்தத் தடையைப் போட்டுச் சாவியை எடுத்துவிட வேண்டும். சுழலும் பகுதிகள் அனைத்தும் ஓயும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் கையை விடலாகாது. நீண்ட கோலால்தான் பனியைத் தள்ள வேண்டும். ஏனெனில், ஓய்ந்து நிற்கும் சக்கரத்திலும் விசை தேங்கியிருக்கலாம். அடைப்பு நீங்கிய கணத்தில் அது திடீரெனச் சுழலக்கூடும்.

இயந்திரத்தைச் செய்தவர்களும் இத்தகைய தருணங்களை எண்ணிப் பார்த்தே அதனை அமைத்துள்ளனர். திருகைத் தண்டோடு இணைக்க ‘ஷியர் போல்ட்’ எனப்படும் ஆணியைப் பொருத்துவர். பெரிய கல் சிக்கினால் அந்த ஆணி முதலில் முறிந்துவிடும். விலையுயர்ந்த பற்சக்கரங்கள் தப்பிக்கும். அடிக்கடி முறிகிறதே என்று சலித்துக்கொண்டு, அதற்குப் பதிலாக வலிமையான ஆணியைப் பொருத்துவோரும் உண்டு. அவ்வாறு செய்தால் அடுத்த முறை முறிவது ஆணியாக இராது, இயந்திரமாகவே இருக்கும். அதுபோல, ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுந்தால் என்ஜினை நிறுத்தும் பொத்தானும் பல டிராக்டர்களில் உண்டு. அதனைச் செயலிழக்கச் செய்வது தம் கையைத் தாமே பணயம் வைப்பதற்கு ஒப்பாகும்.

மாக் மண்டினில் ஒருநாளும் பனி பொழியாது. ஆயினும், சுழலும் இயந்திரங்கள் அங்கும் உள்ளன. தொழிற்சாலையின் உருளைகள், வயலின் சுழல் கலப்பை, சாலையோரக் கடையின் கரும்பு பிழியும் இயந்திரம், வீட்டின் மாவரைக்கும் இயந்திரம் ஆகிய அனைத்தும் சில வேளைகளில் அடைத்துக்கொள்வனவே. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், தொழிலாளர்களின் பாதுகாப்பை உறுதிசெய்யும் கடமையை முதலாளிகளுக்கு வழங்கியுள்ளது. தொழிலாளர்களும் தங்கள் பாதுகாப்பில் கவனம் செலுத்த வேண்டும் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆனால், கையை உள்ளே விடத் துடிக்கும் அந்த ஒரு நொடியில் சட்டம் அருகில் நின்று தடுக்க இயலாது. அப்போது தடுக்க வேண்டியது அவரவர் பழக்கமே.

பதறாத காரியம் சிதறாது என்பது தமிழர் பழமொழி. டொராண்டோவில் பனியை வீசும் டிராக்டருக்கும், செபராங் பிறையில் சேற்றைக் கலக்கும் டிராக்டருக்கும் அது ஒன்றுபோலவே பொருந்தும். இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொள்ளச் சில மணி நேரம் போதும். ஆனால், நேரமாகிறது என்று மனம் துடிக்கும்போதும் அதனை முழுமையாக நிறுத்திவிட்டு இறங்குபவரே அதனை இயக்கத் தகுதியானவர்.