கண்ணாடி முன் 13 வயது
ஆல்பிரெக்ட் டியூரர், தன்னுருவம், 1484. காகிதத்தில் வெள்ளிமுனைக் கோடு. ஆல்பர்டினா, வியன்னா.

நியூரம்பெர்க் பொற்கொல்லர் ஒருவரின் மகன் கண்ணாடியில் தன்னைப் பார்த்து வரைந்தது. பூச்சிட்ட காகிதத்தில் வெள்ளி முனையால் இழுத்த கோட்டை அழிப்பது மிகக் கடினம். கை தவறினால் தவறியதுதான். கிட்டே வந்து சட்டைக்கையின் மடிப்புகளைப் பாருங்கள். இந்த வயதில் எவ்வளவு பொறுமை! ஒரு கை சுட்டுவிரலை நீட்டுகிறது. இன்னொன்று சட்டைக்கைக்குள் ஒளிந்துகொண்டது. வரைந்துகொண்டிருக்கும் கையையே வரைவது லேசான காரியமல்ல.

மேல் மூலையில் இருக்கும் எழுத்து, பிற்காலத்தில் அவரே சேர்த்தது. சிறுவனாக இருந்தபோது, 1484இல், கண்ணாடி பார்த்துத் தன்னை வரைந்ததாகக் குறிக்கிறார். ஐரோப்பா போற்றிய ஓவியரான பிறகும் இந்தத் தாளை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.