வண்ணமீன் தொட்டியில் வரப்புச் சண்டை

(வானொலியில் பேசிய வேளாண் உரை)



ஏரியிலும் குளத்திலும் ஜிலேபிக் கெண்டை பார்த்திருப்பீங்க. 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விட்ட ஆப்பிரிக்க மீன் அது. தண்ணீர் வற்றும்போது கரையோரச் சேற்றில் தாம்பாளம் தாம்பாளமாகக் குழி தெரியும். ஒவ்வொரு குழியும் ஒரு ஆண் மீன் தோண்டிய இடம். பக்கத்துக் குழிக்காரன் எட்டிப் பார்த்தால் போதும், வாயைப் பிளந்துகொண்டு துரத்தும்.

கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிற சிக்லிட் மீன்கள் இந்த ஜிலேபிக்குச் சொந்தக்காரங்கதான். ஏஞ்சல், ஆஸ்கர், கேரளத்துக் கரிமீன் எல்லாமே இந்தக் குடும்பம். நான் இன்றைக்குச் சொல்லப் போவது ஆப்பிரிக்காவில் மலாவி ஏரியிலிருந்து வந்த மஞ்சள், நீல மீன்களைப் பற்றி. வீட்டில் வளர்க்கிறவங்க, வளர்த்து விற்கிறவங்க எல்லாரும் ஒரே புகார் சொல்றாங்க: "வாங்கி விட்ட ஒரு வாரத்துல ஒண்ணு ஒண்ணாச் செத்துப் போகுதுங்க. வாலும் துடுப்பும் கிழிஞ்சிருக்கு. என்ன நோயின்னு தெரியலை."

நோய் இல்லீங்க. அடி!

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. முதன்முதலாக இரண்டடித் தொட்டியில் ஆறு மீன் விட்டேன். பசியால் அடித்துக்கொள்கிறது என்று நினைத்து இரையைக் கூட்டினேன். தண்ணீர் கெட்டதுதான் மிச்சம். பத்தாம் நாள் ஒரே ஒரு மீன் ராஜா மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

சண்டை பெரும்பாலும் இடத்துக்காகத்தான். ஆண் மீன் ஒரு பாறை இடுக்கைப் பிடித்துக்கொண்டு, அங்கேதான் பெண் மீனை அழைக்கும். மலாவி ஏரி சுமார் 580 கிலோமீட்டர் நீளம். அங்கே தோற்ற மீன் நாலு முழம் ஓடினால் எல்லை தாண்டிவிடும். துரத்தின மீனும் திரும்பிவிடும். கண்ணாடித் தொட்டியில் ஓடுறதுக்கு இடம் ஏது? தோற்ற மீன் மூலையில் முட்டி நிற்கும். மறுபடி மறுபடி அடி விழும். அதிலேதான் சாவு.

ஆகவே, தோற்ற மீனுக்கு ஒதுங்க வழி பண்ணணும். தொட்டிக்கு உயரத்தைவிட நீளம் முக்கியம். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் சுமார் 250 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே கால் டன் எடை, தாங்குகிற மேடையாகப் பாருங்க. உள்ளே கல்லை அடுக்கி, மீன் எண்ணிக்கையைவிட அதிகமாக இடுக்கு வையுங்க. உடைந்த பூந்தொட்டி, பிவிசி பைப் துண்டு எதுவும் ஆகும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வேணும். ஒரே வாசல் உள்ள பொந்து எலிப்பொறி மாதிரி. உள்ளே போன மீன் மாட்டிக்கொள்ளும். கல்லை அடித்தளத்தில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு மணலைப் போடுங்க. மணல் மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும், கண்ணாடி விரிசல் விடும்.

அடுத்தது எண்ணிக்கை. மீனைக் குறைத்தால் சண்டை குறையும் என்றுதான் யாருக்கும் தோணும். இந்த மீனில் அது தலைகீழ். மூன்று மீன் இருந்தால் ஒன்றே எல்லா அடியும் வாங்கும். பதினைந்து இருந்தால் அடி பங்காகிப் போகும். நான் சொன்ன நாலடித் தொட்டிக்குப் பதினைந்து சரி. ஆனால் வடிகட்டி நல்ல வேகமாக ஓடணும். வாரம் ஒருமுறை கால் பங்குத் தண்ணீர் மாற்றணும். இதைச் செய்ய முடியாதவங்க எண்ணிக்கையைக் கூட்டாதீங்க. பாத்திரத்தில் வெள்ளை படிகிற போர்த் தண்ணீர் இந்த மீனுக்கு ஒத்துக்கொள்ளும். வாயில் கரிக்கிற தண்ணீர் வேண்டாம்.

ஒரு ஆணுக்கு மூன்று நாலு பெண் இருக்கணும். குஞ்சில் ஆண், பெண் தெரியாது. அதனால் ஒரே வயசுக் குஞ்சுகளாகச் சேர்த்து வாங்கி வளர்த்து, ஆண் அதிகமானால் எடுத்துவிடுங்க. கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் ஆராட்டஸ் குஞ்சு கடையில் கண்ணைப் பறிக்கும். ஏமாந்துவிடாதீங்க! ஆண் வளர்ந்தால் உடம்பு கறுத்து, தொட்டியையே ஆட்டிப் படைக்கும். முழுக்க மஞ்சளாக இருக்கிற லேபிடோகுரோமிஸ் கொஞ்சம் சாது.

புது மீன் விடும்போது பழைய கல்லையெல்லாம் கலைத்து மாற்றி அடுக்குங்க. வரப்பு அழிந்துபோனால் பழைய மீனுக்கும் எது தன் இடம் என்று தெரியாது. விளக்கை அணைத்த பிறகு, நாலைந்து மீனாகச் சேர்த்து விடுங்க.

இவ்வளவுக்கும் அடங்காத ரௌடி ஒன்று இருந்தால் அதைப் பிடித்து நாலைந்து நாள் வேறு தொட்டியில் போடுங்க. திரும்பி வரும்போது அதன் இடத்தை வேறு மீன் பிடித்திருக்கும், கொட்டம் குறையும். வேண்டாத மீனை மட்டும் கிணற்றிலோ வாய்க்காலிலோ விட்டுவிடாதீங்க. ஜிலேபி ஏரியெல்லாம் பெருகி நம்ம நாட்டு மீனை நெருக்கின மாதிரி ஆகிவிடும்.

பெண் மீன் முட்டையை வாயிலேயே சுமார் மூன்று வாரம் வைத்துக் காக்கும். அந்த நாட்களில் சரியாக இரை எடுக்காது. குஞ்சைத் துப்பின கையோடு தாயைப் பெரிய தொட்டியில் விடாதீங்க. ஒரு வாரம் தனியாக இரை தின்று தேறட்டும். இளைத்த மீனைத்தான் மற்றவை முதலில் அடிக்கும்.