நீரிழிவு நோயாளரின் பாதத் தொற்று: உணர்விழப்பும் அதன் விளைவும்

இரத்தச் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருப்பின் கால் நரம்புகள் சிதைந்து உணர்வு குன்றுகிறது. முள் தைத்தாலும் காலணி உராய்ந்தாலும் வலி தோன்றாமையால், நோயாளர் புண்பட்ட காலையே ஊன்றி நடக்கின்றார். தமனிகளும் குறுகியிருப்பின் புண் ஆறுதற்கு வேண்டிய இரத்தம் கிடைப்பதில்லை. ஆறாத புண்ணின் வழியே நுண்ணுயிர்கள் உட்புகுகின்றன.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்களுக்கு உணர்விழப்பே முதன்மைக் காரணம் எனக் காட்டினார். இக்கருத்து பின்னர் நீரிழிவுப் பாத மருத்துவத்திற்கும் பயன்பட்டது.

புண்கள் அனைத்தும் தொற்றுற்றவை அல்ல. சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி, சீழ் ஆகியவற்றுள் இரண்டேனும் காணப்படின் தொற்று எனக் கொள்வர். உணர்விழந்த பாதத்தில் வலி வெளிப்படாமலும் போகலாம். கடுந்தொற்றிலும் காய்ச்சல் இல்லாதிருக்கலாம்.

தொற்றில்லாப் புண்ணுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பி வேண்டியதில்லை. தொற்றுற்ற புண்ணுக்கோ அது மட்டும் போதாது. இறந்த திசுவை அகற்றுதல், பாதத்தின் மீதுள்ள அழுத்தத்தைக் குறைத்தல், தேவைப்படின் இரத்த ஓட்டத்தை மீட்டல் ஆகியனவும் இன்றியமையாதவை. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உணர்விழப்பை முன்னரே கண்டறியலாம். வலி எச்சரிக்காத பாதத்தை நாள்தோறும் கண்ணால் நோக்குதலே காலைக் காக்கும் முதற்படியாகும்.