ஆலயக் காலண்டர் ஒண்ணு, ரெஜிமென்ட் காலண்டர் ஒண்ணு! - தருமபுரியின் பட்டாளத்துக் கிறிஸ்தவ வீடுகள்

டிசம்பர் பிறந்ததும் ஸ்டார் கட்டியாச்சா, குடிலுக்கு வைக்கோல் கிடைச்சாச்சா என்று கிறிஸ்தவ வீடுகளில் பேச்சு ஆரம்பித்துவிடும். ஆனால், பட்டாளத்துக்காரர் இருக்கிற வீட்டில் முதல் கேள்வியே வேறு. ``லீவு சாங்ஷன் ஆயிடுச்சா?''

அதற்கு வரும் பதிலைப் பொறுத்துத்தான் எல்லாமே. பிரியாணிக்குக் கறி எத்தனை கிலோ, பிள்ளைக்கு ஞானஸ்நானம் எந்த ஞாயிறு, தங்கச்சிக்கு நிச்சயம் எப்போ என்று சகலமும் முடிவாகும். ஆலயக் காலண்டர் ஒன்று, ரெஜிமென்ட் காலண்டர் ஒன்று. இரண்டையும் பார்த்துத்தான் இந்த வீடுகள் நாளைக் குறிக்கின்றன.

பாரா மகாலில் இருந்து பெங்களூருக்கு

தருமபுரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் வேர் பழையது. சேசு சபைக் குருக்களின் மைசூர் மிஷன் 17-ம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. பிறகு பிரெஞ்சு மிஷனரிகள் வந்தார்கள். 1930-ல் சேலம் மறைமாவட்டம் உருவானது. அதிலிருந்து 1997-ல் தருமபுரி தனி மறைமாவட்டம் ஆனது. கோவிலூர், பி.பள்ளிப்பட்டி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாழ்கின்றன.

பட்டாளமும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரா மகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. அப்போது இங்கே நிர்வாகம் செய்ய வந்த தாமஸ் மன்றோ ஒரு ராணுவ அதிகாரி. 1780-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்கு இன்று தலைமையிடம் பெங்களூரு. தருமபுரியிலிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரம்தான். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, பாதை போடுவது இவர்கள் வேலை. அந்தப் படைக்காரர்களுக்கு ராணுவம் முழுக்க ஒரே செல்லப் பெயர்... `தம்பி'!

மழையை நம்பி ராகியும் மாவும் விளைகிற மாவட்டம் இது. மாதம் பிறந்தால் சம்பளம், ரிட்டயர் ஆனால் பென்ஷன் என்பது இங்கே ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்துகிற விஷயம்.

சுவரில் ரெண்டு படம்

இப்படியான ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஹாலில் முதலில் தெரிவது இயேசுவின் திரு இருதயப் படம். பக்கத்திலேயே மெடல் குத்திய யூனிஃபார்மில் தாத்தாவோ அப்பாவோ. மூலையில் பேரும் நம்பரும் எழுதிய கறுப்பு டிரங்க் பெட்டி. இப்போது அதற்குள் போர்வைகளும் பழைய ஆல்பமும் இருக்கும்.

சாயங்காலம் ஆனால் ஜெபமாலை. கடைசியில் ஒவ்வொருவருக்காகவும் தனித்தனியாக வேண்டுவார்கள். பார்டரில் இருக்கிறவருக்கான வேண்டுதல் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். ராகி களியும் கீரைக் குழம்பும் அதற்குப் பிறகுதான்.

கல்யாணம் என்றால் கணக்கு இன்னும் சிக்கல். கத்தோலிக்க முறையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். `இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லுங்கள்' என்ற அறிவிப்பு அது. தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் பொதுவாகக் கல்யாணம் வைப்பதில்லை. ஈஸ்டர் வருஷா வருஷம் நகர்வதால் தவக்காலமும் நகரும். இதற்கு நடுவில் மாப்பிள்ளையின் லீவும் பொருந்த வேண்டும். அதனால் மாப்பிள்ளை வந்து சேர்வதற்குள் ஓலையைப் படித்து முடித்துவிட ஃபாதரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவார்கள்.

டிசம்பரின் நான்கு தேதிகள்

டிசம்பர் 3, புனித சவேரியார் திருவிழா. 1971-ல் அதே 3-ம் தேதிதான் இந்தியா - பாகிஸ்தான் போர் மூண்டது. அன்றிரவு தொடங்கிய கங்காசாகர் சண்டையில் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா உயிர்விட்டார். இன்றைய ஜார்க்கண்டைச் சேர்ந்த பழங்குடிக் கிறிஸ்தவர். மறைவுக்குப் பின் அவருக்குப் பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

டிசம்பர் 7 கொடி நாள். 1949-லிருந்து கடைப்பிடிக்கப்படுகிறது. டிசம்பர் 16, அந்தப் போரில் வென்ற நாள். அதன் பிறகு 25, கிறிஸ்துமஸ். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும் அதிரசமும் முறுக்கும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். பொங்கலன்று அதே தூக்குவாளி நிரம்பித் திரும்பி வரும்.

லீவு கிடைக்காத வருஷம்? முகாமிலேயே கிறிஸ்துமஸ். இந்து, முஸ்லிம், சீக்கிய நண்பர்கள் கூடச் சேர்ந்து கேக் வெட்டுவார்கள். வீட்டில் வீடியோ கால். ஜனவரியிலோ மார்ச்சிலோ அவர் வந்து இறங்கும் நாளில் திரும்பவும் பிரியாணி. பிள்ளைகளுக்கு அதுதான் நிஜமான கிறிஸ்துமஸ்!

முகாமில் எப்படி சாமி கும்பிடுவார்கள்?

பல ராணுவ முகாம்களில் `சர்வ தர்ம ஸ்தலம்' என்று ஓர் இடம் உண்டு. ஒரே கூரையின் கீழ் எல்லா மதத்துக்கும் வழிபாட்டு இடம். பண்டிட், மௌல்வி, கிரந்தி, பாதிரியார் ஆகிய மத போதகர்களை ராணுவமே வேலைக்கு எடுக்கிறது. கூட இருப்பவனின் சாமியையும் மதிக்கப் பழகுவது பட்டாள வாழ்க்கையின் பாடங்களில் ஒன்று.

அது எப்போதும் சுலபமாக இருப்பதில்லை. படைப்பிரிவின் வாராந்தர வழிபாட்டில் கருவறைக்குள் நுழைய, தன் நம்பிக்கையைக் காரணம் காட்டி மறுத்த கிறிஸ்தவ அதிகாரி ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2025 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றமும், நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. படையின் ஒற்றுமையும் ஒழுங்கும் முக்கியம் என்பது நீதிமன்றங்களின் பார்வை. மனசாட்சிக்கு எல்லை எது என்பது அவர் கேட்ட கேள்வி. விசுவாசத்தையும் யூனிஃபார்மையும் சேர்த்துச் சுமக்கிற வீடுகளில் இது வெறும் செய்தியாகக் கடந்து போகாது.

பேர் ஒண்ணா இருக்கணும்!

இந்த வீடுகள் அசட்டையாக இருக்கக் கூடாத விஷயம் ஒன்று உண்டு. ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பேர், வீட்டில் கூப்பிடுவது ஒரு பேர், ஆதாரில் வேறு ஸ்பெல்லிங். சாதாரண நாளில் யாரும் கண்டுகொள்வதில்லை. கணவர் இறந்து, மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்கும்போதுதான் அது இடிக்கும்.

கல்யாணமும் குழந்தை பிறப்பும் `பார்ட் டூ ஆர்டர்' மூலம் சர்வீஸ் ரெக்கார்டில் ஏற வேண்டும். கோயிலில் தரும் திருமணச் சான்று, ஆதார், பேங்க் பாஸ்புக், பென்ஷன் ஆர்டர் ஆகியவற்றில் மனைவியின் பேரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று அவர் நல்லாயிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். தப்பு இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேட்கலாம். பென்ஷன் இப்போது `ஸ்பர்ஷ்' இணையதளம் மூலம் வருவதால், வருஷம் ஒருமுறை ஆயுள் சான்று தரவும் மறக்கக் கூடாது.

90 நாள், 30 நாளானபோது...

இத்தனை வருஷம் இந்த வாழ்க்கைமுறை நின்றது ஒரு கணக்கின் மேல். சிப்பாய்க்கு வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. 15 வருஷம் முடித்தால் பென்ஷன்.

2022-ல் வந்த அக்னிபத் திட்டம் அந்தக் கணக்கை மாற்றிவிட்டது. அக்னிவீரருக்கு நான்கு வருஷப் பணி, ஆண்டுக்கு 30 நாள் லீவு. அந்த நான்கு வருஷமும் கல்யாணம் செய்யக் கூடாது. முடிவில் சுமார் 11.71 லட்ச ரூபாய் சேவா நிதி. பென்ஷன் கிடையாது. அதிகபட்சம் 25 சதவிகிதம் பேர்தான் நிரந்தரமாகத் தொடர முடியும். 2023 ஜனவரியில் பயிற்சியைத் தொடங்கிய முதல் அணிக்கு நான்கு வருஷம் முடிவது 2026-ன் கடைசியை ஒட்டி.

இளமையான ராணுவம், கையில் ஒரு தொகையோடு 25 வயதுக்குள் வேறு வாழ்க்கை என்பது அரசு சொல்லும் நியாயம். ஆனால், தாத்தாவின் பென்ஷனில் அப்பா படித்து, அப்பாவின் பென்ஷனில் பிள்ளை படித்த வீட்டுக்கு `நாலு வருஷம் கழிச்சு என்ன?' என்பது பெரிய கேள்வி.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சில கல்லறைகளில் பேருக்குக் கீழே சிலுவையோடு படைப்பிரிவின் பெயரும் இருக்கும். அடுத்த தலைமுறையின் கல்லில் அந்த இரண்டாவது வரி இருக்குமா என்பது தெரியாது. மாலை ஜெபத்தில் அந்த நீளமான வேண்டுதல் மட்டும் தொடரும்.