குறட்டையும் முகமூடியும்

ஒருவர் குறட்டை விட்டுப் படுத்தால் "ஆள் நல்ல நித்திரை" என்று சொல்வது எங்கள் வழக்கம். கும்பகர்ணன் என்று பகிடியும் பண்ணுவோம். ஆனால் குறட்டை திடீரென நின்று, சத்தமே இல்லாமல் கிடந்து, பிறகு திணறிக்கொண்டு மீண்டும் தொடங்கினால் அது நல்ல நித்திரை அல்ல. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. 10 விநாடி அல்லது அதற்கு மேல் மூச்சு நின்றால் வைத்தியர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். மணித்தியாலத்துக்கு 30 தடவை என்றால் நோய் கடுமையானது. மெலிந்தவர்களுக்கும் வரும், பெண்களுக்கும் வரும். படுத்திருப்பவருக்கு இது தெரியாது, பக்கத்தில் படுப்பவருக்குத்தான் தெரியும். ஆகவே வைத்தியரிடம் போகும்போது அவரையும் கூட்டிச் செல்லுங்கள்.

கவனியாமல் விட்டால் இரத்த அழுத்தம் ஏறும், இருதயம் பாதிக்கப்படும். அதைவிடக் கிட்டடியில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. காலை 6 மணி வேலைக்கு இருட்டோடு ஓட்டோபானில் கார் ஓட்டுபவர்கள் நாங்கள். இரவு முழுக்க மூச்சு நின்று நின்று வந்தவருக்கு ஸ்டேரிங்கில் கண் சொருகும். இயந்திரத்துக்கு முன்னால் நின்றாலும் அதே கதைதான்.

ஜேர்மனியில் முதலில் ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் என்னும் குடும்ப வைத்தியரிடம் சொல்லி, நுரையீரல் அல்லது காது மூக்குத் தொண்டை வைத்தியருக்கு ஊபர்வைசுங் வாங்க வேண்டும். ஒரு சிறிய கருவியை வீட்டுக்குத் தந்து ஓரிரவு கட்டிக்கொண்டு படுக்கச் சொல்வார்கள். தேவையென்றால் பிறகு ஷ்லாஃப்லபோர் என்னும் நித்திரைப் பரிசோதனைக்கூடம். அரச சட்டப்படியான கிராங்கன்காசாவில் இருப்பவர் கருவிக்குக் கட்டும் பங்கு 10 யூரோவுக்கு மேல் போகாது. அகதி வழக்கு முடியாதவர்களுக்கு நிலைமை வேறு. 2024 முதல் அவர்களுக்கு முதல் 36 மாதங்களும் மட்டுப்படுத்தப்பட்ட வைத்தியமே. சோசியலாம்ற்றில் வைத்தியரின் கடிதத்துடன் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். வாயால் கேட்டுவிட்டு வந்தால் கையில் ஒன்றும் இராது.

சிபாப் என்று சொல்லும் இந்தக் கருவி மருந்து ஒன்றையும் உள்ளே விடுவதில்லை. அறைக் காற்றைத்தான் கொஞ்சம் அழுத்தத்துடன் தள்ளி, தொண்டை மூடாமல் வைத்திருக்கிறது. 1980இல் அவுஸ்திரேலியாவில் சிட்னி நகரில் கொலின் சலிவன் என்ற வைத்தியர் இதை உருவாக்கினார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே வழி. அவர் தூசி உறிஞ்சும் மெஷினின் மோட்டரைக் கொண்டு காற்றை ஊதவைத்தார். ஆரம்பகால நோயாளிகள் ஒவ்வொரு இரவும் முகமூடியை மூக்கில் பசையால் ஒட்டிக்கொண்டு படுத்தார்கள். இன்று எங்களுக்குக் கிடைப்பது மெல்லிய சிலிக்கனும் வாரும்தான். நான் இதோடு படுத்து மூன்றாவது வருடம்.

இது ஒரு நாளில் பழகுகிற விடயமல்ல, சிலருக்கு வாரக்கணக்கில் எடுக்கும். முதல் வாரத்திலேயே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுபவர்கள் பலர். படுக்கப்போகும் நேரத்தில் முதன்முதலாக மாட்டாதீர்கள். பின்னேரத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலம் கருவியை ஓடவிட்டு மாட்டியிருங்கள். காற்று முகத்தில் அடிப்பது பயமாக இருந்தால், அழுத்தம் மெதுவாக ஏறும்படி வைத்துத் தரச் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் காற்றுக் கசிகிறது என்று வாரை இறுக்கு இறுக்கென்று இறுக்குவார்கள். அதனால் மூக்குத் தண்டில் புண் வருமே தவிர கசிவு நிற்காது. படுத்தபடி, காற்று ஓடும்போது வாரைச் சரிசெய்ய வேண்டும். இரவில் முகத்துக்கு எண்ணெயோ கிறீமோ பூசினால் சிலிக்கன் வழுக்கும். தடித்த மீசைக்காரருக்கு மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்துகிற சிறிய வகை உண்டு. மீசையை எடுக்கத் தேவையில்லை! வாயைத் திறந்து படுப்பவருக்கு வாயையும் மூடும் வகை இருக்கிறது. பொருந்தாவிட்டால் மாற்றிக் கேளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாரிகாலத்தில் ஹைசுங் போட்ட அறையில் தொண்டை காயும். அதற்கு ஈரப்பதப் பெட்டி உண்டு. குழாய்த் தண்ணீரில் கல்க் படியும் என்பதால் வடித்த நீரே ஊற்ற வேண்டும். குழாயில் தண்ணீர் சேர்ந்து முகத்தில் தெறித்தால், குழாயைப் போர்வைக்குள் விட்டுப் பாருங்கள்.

இரவு வேலைக்காரர் பகலில் படுக்கும்போதும் மாட்ட வேண்டும், மத்தியானக் கண்ணயர்வுக்கும்தான். சாமம் 3 மணிக்கு முகமூடி கட்டிலடியில் கிடந்தால் எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். அன்றைய இரவு வீண் என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பயந்தால் பகலில் அவர்கள் கையில் கொடுத்துப் பார்க்கவிடுங்கள். என்னுடைய மகனுக்கு அது விமானமோட்டியின் முகமூடி.

ஊருக்குப் போகிறவர்கள் கருவியைக் கைப்பையில் கொண்டு செல்லுங்கள், முன்கூட்டியே விமானக் கொம்பனிக்கு அறிவியுங்கள். இலங்கையிலும் 230 வோல்ட்தான், பிளக் மட்டும் வேறு. மின்சாரம் போனால் கருவியும் நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் அங்கு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. நீண்ட நாள் நிற்பவர்கள் பற்றறி பற்றி விசாரியுங்கள்.

தெரிந்தவர் பாவித்த பழைய கருவியை வாங்கிப் பாவிக்க வேண்டாம். அழுத்தம் ஆளுக்கு ஆள் மாறும். தவிர, உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு சிதைந்து காற்றோடு போகக்கூடும் என்பதால் 2021 ஜூனில் பிலிப்ஸ் கொம்பனி இலட்சக்கணக்கான கருவிகளைத் திருப்பி எடுப்பதாக அறிவித்தது. இலவசமாக வந்தாலும், வைத்தியரிடம் காட்டாமல் அப்படியான கருவியை முகத்தில் மாட்டாதீர்கள்.